மானுக்குப் போட்ட சோளம்

மிஸ்டர் கிளைடை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பில் புண் வரும். புண் வந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் எண்பத்தொரு வயது உடம்பு தாங்காது. அவர் போனால் கிருபாராணியின் கிரீன் கார்டும் அவரோடு சேர்ந்து போய்விடும். ஆகவே மூன்று வருடமாக அவர் உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. புரட்டும்போது அவள் ஜெபம் பண்ணுவதில்லை, தோலைப் பார்ப்பாள். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே ஈரம் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பாள்.

டெக்சாஸில், டல்லஸுக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் அந்தப் பண்ணை வரும். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்ணான அவள், மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி முடித்து, 1976இல் இங்கே ஒரு நர்ஸிங் ஹோமுக்கு வேலைக்கு வந்தாள். மகள் ராஜராணியைப் பத்து வயதில் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தாள். மூன்று வருடம் கழித்துக் கணவர் சுவிசேஷமுத்து வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே நர்ஸிங் ஹோமை மூடிவிட்டார்கள். நாற்பது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்ற நிலையில், பக்கவாதம் வந்து கிடந்த தகப்பன் மிஸ்டர் கிளைடுக்கு வீட்டோடு தங்கும் நர்ஸ் வேண்டும் என்று பண்ணைக்காரன் ராய் கேட்டு வந்தான். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டதும் அவன்தான். வக்கீல் ஆபீஸிலிருந்து காகிதம் வரும் ஒவ்வொரு முறையும் அவன் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் காகிதம் 1983 நவம்பரில் வந்தது. இந்த ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால், ராஜராணியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பெண்ணுக்கு இப்போது பதினேழு முடிந்துவிட்டது. இடையில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் மூன்று வாரம்தான், தாய் மகளைப் பார்த்திருந்தாள்.

ராய் ஐம்பது வயதுக்காரன். சத்தம் போட மாட்டான். தினமும் மாலை ஐந்து மணிக்கு அவனுடைய டிரக் சரளைக்கல் பாதையில் நொறுநொறுவென்று வரும். பின்கண்ணாடியில் ஒரு துப்பாக்கி மாட்டியிருக்கும். அந்தப் பக்கத்து டிரக்குகளில் எல்லாம் அப்படித்தான் மாட்டியிருக்கும் என்று தெரிந்த பிறகும் கிருபாராணியின் கண் முதலில் அதற்குத்தான் போகும். தொப்பியைக் கழற்றாமல் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நான்கு நிமிடம் நிற்பான். போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்ப்பான். போய்விடுவான். திட்டுகிறவனாக இருந்தால் எதில் கோபம் என்று தெரிந்துவிடும். இவனிடம் எதுவும் தெரியாது. நேற்று வரைக்கும் இருந்த தோட்டக்காரனை இன்று காணவில்லை என்றால், ராய் ஏதோ முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

மிஸ்டர் கிளைடுக்கு மிச்சமிருந்தவை ஒரு கையும் இரண்டு வார்த்தைகளும். ஒன்று ‘ஆமா’. இன்னொன்று ஒரு வசவு. அறுபது வருடம் மான் வேட்டை ஆடியவர். இப்போது நாள் முழுவதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடப்பார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் காலி நிலம், அதற்கப்பால் ஓடைக்கரை மரங்கள். மான்கள் ஓடைக்கரையோடு போகும், நிலத்துக்குள் வராது. வர என்ன இருக்கிறது?

“தீனி போட்டா வரும்,” என்றான் ராய் ஒருநாள். “இங்கே நிறைய பேர் மானுக்குன்னே பயிர் போடுறாங்க.”

சுவிசேஷமுத்து வாசல் பக்கம் நின்றிருந்தார். ஊரில் விவசாய இலாகாவில் கிராம சேவக்காகப் பதினெட்டு வருடம் இருந்தவர். இங்கே அவருக்கு வேலை செய்ய பெர்மிட் கிடையாது. பாத்திரம் கழுவினார், டிவி பார்த்தார், பைபிளை இரண்டு தடவை முழுதாக வாசித்து முடித்தார். கை சும்மா இருந்த மனிதர்.

“நான் போடுறேன், சார். சம்பளம் எல்லாம் வேண்டாம்,” என்று முந்திக்கொண்டார்.

அன்றைக்கே கிருபாராணிக்குப் பிடிக்கவில்லை. “ஏங்க, அவன் நிலத்துல நாம ஏன் கைய வைக்கணும்? நல்லா வந்தா மண்ணு நல்லதும்பான். கெட்டுப்போனா நாம கெடுத்ததும்பான்.”

“ரெண்டு ஏக்கரு புல்லுக்கு என்னளா கெட்டுப்போகும்? ஊருல ரெண்டாயிரம் ஏக்கருக்கு யோசன சொன்னவன் நான்.”

“யோசன சொன்னீங்க. வெள்ளாம பாத்தது ஊர்க்காரன்.”

கோவில்பட்டியில் உள்ள அதே கரிசல் மண் இங்கேயும் கிடந்ததுதான் அவரை ஏமாற்றியது என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. கோடையில் கால் இறங்கும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் அதே கறுப்பு மண். மண் ஒன்று என்றதும் வானமும் ஒன்று என்று மனிதர் நினைத்துவிட்டார்.

விதைக் கடைக்காரன் ஓட்ஸ் போடச் சொன்னான். ஓட்ஸ் குளிர்காலத்துக்கு, அது செப்டம்பரில் போட வேண்டியது, கோடைக்கு வேறு வேண்டும் என்று இவர் கணக்குப் போட்டார். சித்திரையில் தட்டைப்பயறு விதைத்தார். அருமையாக முளைத்தது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக வெறும் காம்பு நின்றது. மான் இலையை உருவித் தின்றுவிட்டுப் போயிருந்தது. இளம் பயிரை மான் விட்டுவைக்காது. கொஞ்சம் வளரும் வரைக்கும் அதற்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே ஊர்முறைக்குத் திரும்பினார். தீவனச் சோளம் வாங்கி அடர்த்தியாக விதைத்தார். முழங்கால் உயரம் வந்ததும் ஊடே தட்டைப்பயறையும் மொச்சையையும் ஊன்றினார். மொச்சை விதை டல்லஸில் இருந்த தமிழ் நண்பர் சிவராமகிருஷ்ணன் வீட்டு வேலியிலிருந்து வந்தது. சோளத்தட்டையைப் பற்றிக்கொண்டு மொச்சை ஏறியது. ஆடியில் அந்த இரண்டு ஏக்கரும் ஆள் மறையும் காடாக நின்றது. மான் வந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஏழு, எட்டு. சோளத்தை மோந்து பார்ப்பதோடு சரி, மொச்சைக் கொழுந்தைத்தான் பொறுக்கிப் பொறுக்கிக் கடித்தது.

வந்து என்ன பயன்? படுத்திருந்த கிழவருக்கு ஜன்னலில் சோளத்தட்டைதான் தெரிந்தது. உள்ளே சலசலப்புக் கேட்கும், மான் தெரியாது. மிஸ்டர் கிளைட் கட்டில் கம்பியை இடதுகையால் அடித்து, தன் வசவு வார்த்தையைச் சொன்னார். ராய் ஜன்னலைப் பார்த்தான், சுவிசேஷமுத்துவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கே இவர் மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துவிட்டார். ஜன்னலுக்கு நேராக இருந்த முக்கால் ஏக்கர் சோளத்தை அடியோடு அறுத்தார். அறுத்த கட்டையைப் பிடுங்கவில்லை. மறுதாம்பு விட்டார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். அறுத்த கட்டையிலிருந்து திரும்பத் தளிர்க்கும், இரண்டாம் தடவை தீவனம் கிடைக்கும், உழவு மிச்சம்.

செப்டம்பரில், கடைக்காரன் சொன்னபடி, பக்கத்துத் துண்டில் ஓட்ஸும் விதைத்தார். அந்த மாத மழையில் மறுதாம்பு குப்பென்று கிளம்பியது. அக்டோபரில் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. அதன் மேலாக மான்கள் முதுகு தெரிய நடந்தன. கிழவர் ‘ஆமா’ என்றார். ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னார். ராய் முதல் முறையாக நான்கு நிமிடத்துக்கு மேல் நின்றான்.

கிருபாராணிக்குத்தான் அந்தக் கரும்பச்சை கண்ணை உறுத்தியது.

“ஏங்க, அந்தக் குருத்த மாடு தின்னா ஆகாதுல்ல? எங்கய்யா மாடு ரெண்டும் அப்படித்தான போச்சு. கட்டையில வந்த சோளத்தத் தின்னுட்டு, வீடு வந்து சேரல.”

“அது மழையில்லாம வாடுன பயிரு. வாடுனாத்தான் நஞ்சு ஏறும். இது வேண்டிய மட்டும் தண்ணி குடிச்சிருக்கு. பாரு, எப்படி நிக்குன்னு.”

“ராய் மாடு பக்கத்துலதான மேயுது.”

“நடுவுல கரண்டுக் கம்பி இருக்கு. மாடு ஏன் வருது? நீ ஊசி போடுத வேலயப் பாரு, நான் வெள்ளாமையப் பாக்கேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. கோவில்பட்டிக் கரிசலில் அதுதான் முழு உண்மை. வாடின சோளம் கொல்லும், நனைந்த சோளம் கொல்லாது. அங்கே எவனும் பார்த்திராத ஒன்றை அவர் மட்டும் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? அவளும் பார்த்ததில்லை. பயப்படுவதற்குக் காரணம் சொல்லத் தெரியாதபோது பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க வேண்டியதுதான். வாங்கிக்கொண்டு வாயை மூடினாள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கிழவரைப் புரட்டிவிட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டி, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாடுகளின் கறுப்பு உருவங்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

வக்கீல் ஆபீஸ் காகிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. ராயிடம் நீட்டினாள். “வெள்ளிக்கிழமை போடுறேன். கண்ணாடி எடுத்துட்டு வரலை,” என்றான். காகிதம் சமையலறை மேஜையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நான்கு நாள் கிடந்தது. ஒவ்வொரு தடவை டீ போடும்போதும் அவள் அதைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் சட்டை போட்டால் வியர்த்தது. மூன்று மணிக்கு வடக்கே வானம் கருநீலமாகி, காற்று திரும்பியது. ஒரு மணி நேரத்தில் கை விறைத்தது. அந்த வருடத்து முதல் உறைபனி இன்றைக்கு ராத்திரி என்று ரேடியோக்காரன் சொன்னான். ராய் ஐந்து மணிக்கு வந்து, வாடைக்காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று இருபத்திரண்டு மாடுகளையும் வீட்டை ஒட்டிய புல்வெளிக்கு ஓட்டிவிட்டுப் போனான். சோளத்துக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒற்றைக் கம்பி.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவள் கிழவரை ஜன்னல் பக்கமாகப் புரட்டினாள். வெளியே எல்லாம் உப்பு தூவியது போல வெளுத்திருந்தது. ஓடைப் பக்கம் கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. ராத்திரி ஏதோ கலைமான் பாய்ந்து அறுத்திருக்க வேண்டும். மறுதாம்புச் சோளத்தில் மானைக் காணவில்லை. மாடுகள் நின்றன. ஒன்று நிற்கவில்லை. காலை நீட்டிப் படுத்திருந்தது.

மிஸ்டர் கிளைடும் பார்த்துவிட்டார். இடதுகையால் கட்டில் கம்பியை அடித்தார். அவருடைய வசவு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுபது வருடம் மாடு வளர்த்தவர்; என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் வாய் இல்லை.

அவள் செருப்போடு ஓடினாள். படுத்திருந்த மாடு வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. உடம்பு உதறியது. பக்கத்தில் இன்னொன்று கால் பின்னித் தடுமாறியது. அவள் மண்டியிட்டு உதட்டைத் தூக்கினாள். மூச்சு முட்டிச் சாகிற உடம்பில் ஈறு நீலம் பாரிக்க வேண்டும். இதற்கு ஈறு பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது.

அந்த நிறத்தை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பயிற்சியில் இருந்த காலத்தில், நகைப் பட்டறையில் வேலை செய்த ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் இருந்த சயனைடைக் குடித்திருந்தார். மூச்சு நின்ற பிறகும் அவர் முகம் ஓடி விளையாடிய பிள்ளையின் முகம் போலச் சிவந்திருந்தது. ரத்தத்தில் காற்று இருக்கும், உடம்புக்கு அதை எடுத்துக்கொள்ளத் தெரியாது என்று அன்றைக்கு வெள்ளைக்கார டாக்டரம்மா விளக்கினார்.

சோளம். வாடவில்லை, பனியில் வெந்திருந்தது. வெந்தாலும் அதே நஞ்சுதான் ஏறும் போலிருக்கிறது. பொழுது ஏற ஏற, பனி உருகிய இலைகள் அவள் கண் முன்னாலேயே கறுத்துத் துவண்டன.

சுவிசேஷமுத்து குரங்குக் குல்லாவோடு ஓடி வந்தார். மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைப் பார்த்து “ஹை, ஹை” என்று கத்திக் கையை ஓங்கினார்.

“விரட்டாதீங்க. ஓடுனா விழுந்துரும். மெதுவா, சத்தமில்லாம ஓட்டுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் திரும்பினாள். மாட்டு டாக்டர் நம்பர் டெலிபோன் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. ராய் நம்பரும் ஒட்டியிருந்தது. முதலில் டாக்டரைக் கூப்பிட்டாள். விரல் தப்பி இரண்டு தடவை தப்பு நம்பர் சுற்றினாள்.

டாக்டர் பென்ட்லி தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். அவள் கண்டதைச் சொன்னாள். எத்தனை விழுந்தது, மூச்சு எப்படி என்று கேட்டார். பிறகு, “என்ன தின்னுது?” என்றார்.

வாசலில் சுவிசேஷமுத்து மூச்சிரைக்க வந்து நின்றார். கேட்டுவிட்டார். “ஓட்ஸ்னு சொல்லு,” என்றார் தமிழில், தணிந்த குரலில். “கிருபா, ஓட்ஸ்னு சொல்லு. ஓட்ஸும் அங்க நிக்கு. வயிறு உப்பிச் செத்துச்சுன்னு போயிரும். ராய்க்குத் தெரிஞ்சா இன்னைக்கே வெளிய தள்ளிருவான். பிள்ளைய நெனச்சிக்கோ.”

அவள் நினைத்தாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் காகிதத்தின் ஓரம் தெரிந்தது. ஓட்ஸ் என்று சொன்னால் டாக்டர் வயிறு உப்பலுக்கு மருந்து எடுத்து வருவார். அது பிடிக்கிறதா என்று பார்ப்பதற்குள் இருபத்திரண்டும் போய்விடும். சோளம்தான் கொன்றது என்று யாருக்கும் தெரியாது. காகிதத்தில் கையெழுத்து விழும். டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“ஹலோ? என்ன தின்னுது?”

“சோளம்,” என்றாள். “அறுத்த கட்டையில வந்த குருத்து. நேத்து ராத்திரி பனி விழுந்திருக்கு. ஈறு ரொம்பச் சிவப்பு. சயனைடுன்னு நினைக்கிறேன். அதுக்கு மருந்து கொண்டு வாங்க.”

“பனிக்கு முன்னாடி யாரும்மா சோளத்த வெட்டி விட்டது?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

சுவிசேஷமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “முடிச்சிட்ட,” என்றார்.

“பொறவு பேசுங்க. வெந்நீர் போடுங்க. சுத்தமான துணி எடுத்துட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ராய் நம்பரைச் சுற்றினாள். ஒரு மணியிலேயே எடுத்தான். அவனிடமும் அதையே சொன்னாள். “சரி,” என்று வைத்தான். அந்த ஒரு சொல்லில் ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

டாக்டர் இருபது நிமிடத்தில் வந்தார். அதற்குள் இரண்டு செத்திருந்தன. ஐந்து விழுந்து கிடந்தன. மற்றவை வேலிக்கு அப்பால் நின்றன. டாக்டர் மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றிக்கொண்டே, “கிளைடுக்கு நர்ஸ் நீங்கதானே? நரம்பு பிடிக்கத் தெரியுமில்ல?” என்றார்.

“மனுஷனுக்குத் தெரியும்.”

“இது அதேதான். கொஞ்சம் பெருசு. கழுத்துல கட்டைவிரல வச்சு அமுக்குங்க, குழாய் மாதிரி எழும்பும்.”

எழும்பியது. தோட்டத்துத் தண்ணீர்க்குழாய் தடிமனுக்கு எழும்பியது. மாட்டின் கழுத்துக்குக் குறுக்கே சுவிசேஷமுத்து முழங்கால் போட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பனி ஈரம் அவள் சேலை வழியாக முட்டி வரைக்கும் ஏறியது. ஊசி ஏறியதும் கறுப்பில்லாத, தகதகவென்ற சிவப்பு ரத்தம் எட்டிப் பார்த்தது. மெதுவாகச் செலுத்தினாள். வேகமாகப் போட்டால் மருந்தே கொன்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணினாள். இந்த வேலையில் விரல் தப்பவில்லை. டெலிபோனில்தான் தப்பியது.

இரண்டாவது மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சரளைக்கல் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. டிரக் கதவு சாத்தும் சத்தம், பூட்ஸ் சத்தம். பூட்ஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. ஊசியைப் பாதியில் எடுக்க முடியாது, எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பது வந்ததும் ஊசியை உருவி, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மாடு ஒரு பெருமூச்சு விட்டது. முதலில் போட்டது அதற்குள் முன்னங்காலை மடக்கி எழ முயன்றுகொண்டிருந்தது.

ஐந்தில் நான்கு எழுந்தன. ஒன்று மருந்து ஏறும்போதே போய்விட்டது. செத்தவை மொத்தம் மூன்று.

ராய் செத்த மாடுகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். சோளக்கட்டை ஒன்றைப் பிடுங்கி, அரிவாள் வெட்டின இடத்தைப் பார்த்தான். டாக்டர் அவனிடம் தள்ளிப் போய் ஏதோ பேசினார். சுவிசேஷமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தது அவர் உதடு அசைவதில் தெரிந்தது. ராய் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டிராக்டரை எடுத்து வந்து ஓடைப் பக்கம் குழி தோண்டத் தொடங்கினான்.

எட்டரைக்குக் கிழவரைப் புரட்ட வேண்டும். போய்ப் புரட்டினாள். பத்தரைக்கு ஒரு தடவை. குழி தோண்டும் சத்தம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கையெழுத்தைப் பற்றி அவனாக நினைத்துக்கொள்வான் என்று காத்திருந்தாள். காத்திருப்பதுதான் குழியை விட மோசமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு, இல்லை என்றால் இல்லை என்று தெரிந்துவிடட்டும் என்று காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள்.

ராய் டிராக்டரை நிறுத்தினான். காகிதத்தைப் பார்த்தான், வாங்கவில்லை.

“பக்கத்துலயே ஓட்ஸும் நிக்குது. ஓட்ஸ்னு சொல்லியிருக்கலாமே. பென்ட்லிக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றான்.

“தப்பான மருந்து கொண்டு வந்திருப்பார்.”

“உன் புருஷன் வெட்டி விட்ட சோளம்தான் கொன்னதுன்னு எனக்குத் தெரியாமப் போயிருக்கும்.”

“ஆமா.”

அவன் டிராக்டரை விட்டு இறங்கினான். “எங்கப்பாவுக்கு நீ வேணும். அவர் வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிடணும். இந்த வேலிக்குள்ள திரும்ப வரக்கூடாது. சம்மதம்னா போடுறேன்.”

“சரி,” என்றாள் உடனே.

அவன் காகிதத்தை டிராக்டர் சக்கரத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவன் விரல் மண் காகித ஓரத்தில் பதிந்தது. அதை ஊதித் தட்டினாள், போகவில்லை. அப்படியே உறையில் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை சுவிசேஷமுத்துவின் பெட்டியை அடுக்கினாள். டல்லஸில் சிவராமகிருஷ்ணன் கராஜுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சுவிசேஷமுத்து கட்டிலில் உட்கார்ந்து பனியனை மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சரின்னுட்டியே.”

“கேட்டா நீங்க யோசிப்பீங்க. அதுக்குள்ள அவன் பேனாவ மூடிருவான்.”

“நான் அப்படி என்ன தப்புப் பண்ணிட்டேன், கிருபா? சோளம் போடத் தெரியாதா எனக்கு?”

“போடத் தெரியும். இந்த ஊரு பனி தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஸ்வெட்டர் ரெண்டும் அடியில வச்சிருக்கேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பெட்டியின் பூட்டை அமுக்கினாள். அது எப்போதும் ஒரு பக்கம் பிடிக்காது. முழங்காலை வைத்து அமுக்கினால்தான் விழும்.

“பிள்ள வந்தா முதல்ல டல்லஸுக்குத்தான் கூட்டிட்டு வருவேன். அங்க உங்கள வச்சுத்தான் சாப்பாடு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவராமகிருஷ்ணனின் கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. மாலை ஐந்து மணிக்கு டிரக் வந்தது. ராய் நான்கு நிமிடம் நின்றான். போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். கறுத்துக் கிடந்த சோளத்துக்கு அப்பால், ஓட்ஸ் மட்டும் பச்சையாக நின்றது. அதில் மூன்று மான் மேய்ந்தது.

“அவருக்கு மான் வேணும்,” என்றான். “இனிமே நீதான் பாத்துக்கணும்.”

“எனக்கு ஓட்ஸ் மட்டும்தான் தெரியும்.”

“அது போதும்.”

டிரக் போன பிறகு வீட்டில் கிழவரின் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஆள் துணையில்லாமல் இந்த வீட்டில் அவள் கழிக்கும் முதல் ராத்திரி இது. கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கிரீன் கார்டு வர இன்னும் பத்து மாதமாவது ஆகும் என்று வக்கீல் ஆபீஸ் பெண் சொல்லியிருந்தாள். பத்து மாதத்துக்கு இவர் சாகக்கூடாது. கிருபாராணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவரை இடது பக்கமாகப் புரட்டி, இடுப்பில் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். இடுப்பெலும்பின் மேல் எட்டணா அளவுக்கு லேசாகச் சிவந்திருந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுத்து, திரும்பச் சிவந்தது. இன்னும் புண் இல்லை. இனி இரண்டு மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அலாரத்தைத் திருப்பி வைத்தாள்.